அமுக்கு, புடி, வுடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் புத்தி உள்ளவன். ஒரு சத்தம் வந்தால் எங்கேயிருந்து வருகிறது என்று தேடுவேன், தேடினால் லூஸான நட்டோ தேய்ந்த புஷ்ஷோ கையில் கிடைக்கும், உலகமே அவ்வளவுதான் என்று நினைத்து ஐம்பது வயது தாண்டியவன். மரக்காணத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் உப்பளம் ஆரம்பிக்கிறது. உச்சி வெயிலில் அங்கே வரப்பு மேல் ஒரு பொம்பளை நிற்கிறாள் என்பார்கள். அந்த வரப்பு வழியாகத்தான் எத்தனையோ வருஷம் சைக்கிள் மிதித்தேன், ஒருத்தியும் நின்றதில்லை. இப்போது நான் சொல்லப்போவதை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், 'போய்யா, போய் வேலையப் பாரு' என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்களும் அப்படிச் சொல்லலாம், எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் தேவசகாயம், தேவா என்று கூப்பிடுவார்கள். ஆரோவிலில் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் டிரைவராக இருந்தேன். அவர்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் கிடந்தது. ரெண்டே சீட்டு, மேலே கேன்வாஸ் துணிக்கூரை, அதை மடித்தால் திறந்த வண்டி. சைக்கிளுக்கு இருப்பது மாதிரி ஸ்போக் வைத்த சக்கரம், கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வாலிபத்தில் கடல் கடந்து கொண்டுவந்த பந்தய ரக வண்டி. அவர் போய்ச் சேர்ந்த பிறகு யாரும் தொடவில்லை. எலி கூடு கட்டி, கோழி முட்டையிட்டு, அப்படியே கிடந்தது.

அதே வீட்டுக்கு வெல்டிங் வேலைக்கு வருவான் குணசேகரன். அவனும் மரக்காணம்தான், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். அவன்தான் முதலில் அந்த வண்டியின் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏம்பா தேவா, இது சாவல. தூங்குது" என்றான். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம், அரை மணி நேரம் என்று தட்ட ஆரம்பித்தோம். இன்ஜினை நான் பார்த்தேன், உடம்பை அவன் பார்த்தான்.

அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஒரு கட்டத்தில் சொந்த ஊருக்கே போவதாக முடிவு செய்தார்கள். சென்னை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது ஒரு கவரைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே வண்டியின் புக், சாவி, கையால் எழுதிய ஒரு கடிதம். வழியில் டீக்கடையில் நிறுத்திப் பிரித்துப் படித்தேன். எனக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும், குணாவுக்கு வராது. வண்டி உங்கள் இரண்டு பேருக்கும் என்று எழுதியிருந்தது. தேவாவுக்கும் குணாவுக்கும் என்று பெயர் போட்டு, தெளிவாக.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது என் மனசில் கெட்ட எண்ணம்கூட இல்லை, அப்படித்தான் ஞாபகம். மறுநாள் அந்த வீட்டில் மிச்சமிருந்த வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் அவன், "லெட்டர் குடுத்தாங்களாமே, இன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டான். வாய் தானாகத் திறந்தது.

"வண்டிய எனக்கு எழுதியிருக்காங்க. ஓட்டுறவன்கிட்ட இருக்கட்டும்னு."

"என்னப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

"உன்ன விசாரிச்சதா சொல்லச் சொன்னாங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "சரி. எங்க நிறுத்தப் போற? உங்க வூட்டாண்ட உப்புக்காத்து. துணி போட்டு மூடணும்" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடிதத்தை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். என் மனைவி மேரிக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் ஷீட் போட்டு, வண்டியைக் கட்டி இழுத்து வந்து நிறுத்தினோம். ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்து சட்டை மாற்றுவதற்குள் அவன் வந்து ஷெட்டில் குந்தியிருப்பான். எங்கள் ஊரில் பழைய வண்டி வைத்திருப்பதும் கடலோடு மல்லுக்கு நிற்பதும் ஒன்றுதான். இந்த வாரம் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மாதம் உள்ளேயிருந்து கொப்புளம் கிளம்பும், அம்மை போட்ட உடம்பு மாதிரி. குணா தரைத் தகடு முழுக்க அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்தான். அடியில் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசச் சொன்னவன் அவன். நாலு ஸ்டாண்ட் அவனே வெல்டு வைத்துக் கொண்டுவந்தான், வண்டியை ஏற்றி வைத்தால் ஆள் மல்லாந்து படுத்துக்கொண்டு இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரத்துக்கு உள்ளுக்குள்ளேயே நகர்ந்து போகலாம்.

வண்டி ஓடியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாங்கள் இரண்டு பேரும் போகாத தூரமில்லை. ஒரு நாள் டீ குடிக்க நிறுத்தியபோது வெளியூர்க்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சூப்பரா வச்சிருக்கீங்களே, யாருங்க ஓனர்?" என்று கேட்டார். குணா என் முகத்தைப் பார்த்தான். நான், "என் வண்டிதாங்க. இவரு வெல்டர்" என்றேன்.

அவன் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. ரோஷம் என்று சொல்லிக்கொண்டேன். குற்றம் செய்தவனுக்கு வருகிற ரோஷம் இருக்கிறதே, அது உப்பைவிட மோசம். இரண்டு வருஷம் நாலு தெரு தூரத்தில் பேசாமலே இருந்தோம்.

போன வருஷம் உப்பளத்தில் ஒரு மோட்டார் கொட்டகைக்கு வெல்டிங் வைக்கப் போனவன் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் போனேன். மாலையோடு போனேன். அவன் மனைவி அஞ்சலை தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாடை தூக்கும்போது முன்னால் போய் நிற்கக் கால் வரவில்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் வண்டியை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். எனக்கும் அது கண்ணெதிரே நிற்காமல் போனால் போதும் என்றிருந்தது. ஆனால் இரண்டு வருஷம் நின்றதில் பிரேக் சிலிண்டர்கள் நாலும் இறுகிவிட்டன. பிரித்துக் கழுவி ரப்பர் மாற்றினேன். மிச்சம் இருந்தது ஏர் எடுப்பது.

அதைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரேக் குழாயில் காற்று நின்றுவிட்டால் பெடலை மிதித்தாலும் பிடிக்காது, அந்தக் காற்றை வெளியே எடுக்கணும். ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. ஒருவன் சீட்டில் உட்கார்ந்து பெடலை மூன்று தடவை அமுக்கி, கடைசியில் அமுக்கியபடியே பிடிக்கணும். கீழே படுத்திருப்பவன் அப்போது சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறப்பான், ஆயிலும் காற்றும் டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் பீய்ச்சும், பெடல் தரைக்குப் போகும். மேலே இருப்பவன் 'ம்' என்பான். கீழே இருப்பவன் நிப்பிளை மூடிவிட்டு, 'வுடு' என்பான். அமுக்கு, புடி, வுடு. நாலு சக்கரத்துக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்யணும். குணா இருந்தவரை சீட்டில் குணா. இப்போது மேரியைத்தான் கூப்பிட்டேன். எப்படி மிதிக்க வேண்டும் என்று கையால் காட்டிக்கூடக் கொடுத்தேன்.

சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். பட்டப்பகல். இதை அழுத்திச் சொல்கிறேன், இருட்டோ மழையோ ஒன்றும் இல்லை. உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சாக்கை விரித்துப் பின்பக்கமாக உள்ளே போனேன். முதல் நிப்பிள் துருப்பிடித்து நகரவில்லை, ஸ்பேனரைப் போட்டுச் சுத்தியால் நாலு தட்டு தட்டினேன். அது அசைந்ததும், "ஏறிட்டியா?" என்று கேட்டேன்.

"ம்."

"அமுக்கு."

பெடல் மூன்று தடவை போய் வந்தது. அந்தப் பெடலின் பின்னில் ஒரு கிறீச் சத்தம் உண்டு, மேலே வரும்போது கேட்கும். மூன்று தடவை கேட்டது.

"புடி."

திறந்தேன். கறுப்பாக ஆயில் பீய்ச்சியது, கூடவே நுரை. "ம்" என்று மேலேயிருந்து வந்தது. மூடினேன். "வுடு." கிறீச்.

இப்படியே பின்பக்கம் இரண்டும் முடிந்தது. சுத்தமாக வேலை நடந்தது, முதல் தடவை செய்கிறவள் இவ்வளவு ஒழுங்காக மிதிக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம்கூட. முன்பக்கம் நகர்ந்தபோது கண்ணில் ஒரு சொட்டு ஆயில் விழுந்து எரிச்சல் தாங்கவில்லை. கண்ணை மூடித் துடைத்துக்கொண்டே, "மேரி, முன்னால பிரேக் ஆயில் டப்பாவுல கொறஞ்சிருக்கும், கேன்ல இருந்து பாத்து ஊத்து" என்றேன். "ம்" என்று பதில் வந்தது. மூடி திருகுகிற சத்தம், ஆயில் ஊற்றுகிற சத்தம், கேனை மட்கார்டு மேல் வைக்கிற சத்தம், எல்லாம் என் முகத்துக்கு மேலே கேட்டது. தலையைத் திருப்பியிருந்தால் வண்டிக்கு வெளியே நிற்கிற காலைப் பார்த்திருக்கலாம். திருப்பவில்லை. திருப்ப வேண்டும் என்று ஏன் தோன்றப்போகிறது?

முன்பக்கம் இடது சக்கரம் செய்யும்போது நான் பேச ஆரம்பித்தேன். முகம் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்தது அது.

"மேரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அமுக்கு."

மூன்று கிறீச்.

"புடி. அந்த அம்மா குடுத்த லெட்டர் இருக்குதுல்ல."

"ம்."

"வுடு. அதுல குணா பேரும் இருந்துது. வண்டி ரெண்டு பேருக்கும்னு எழுதியிருந்தாங்க. நான் அவன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

சத்தம் இல்லை. காற்றுக்கு ஷெட்டின் ஷீட் மட்டும் படபடத்தது.

"கேக்குதா?"

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது, படட்டும் என்று நினைத்துக்கொண்டு கடைசிச் சக்கரத்துக்கு நகர்ந்தேன். அது டிரைவர் பக்கத்துச் சக்கரம். டியூபை மாட்டிக்கொண்டே சொன்னேன்: "ஆறு வருஷம் அவன் கையால ஒழைச்சான். நான் அவன வெல்டர்னு சொன்னேன். செத்தான், நான் தோள் குடுக்கல. இப்ப அவன் வேலைய எவனுக்கோ விக்கப் போறேன்." ஸ்பேனரை நிப்பிளில் போட்டேன். "அமுக்கு."

பெடல் ஒரே தடவைதான் போனது. மெதுவாக, கடைசிவரை.

திறந்தேன், சுத்தமான ஆயில் வந்தது, காற்று இல்லை. மூடினேன்.

"வுடு."

கிறீச் கேட்கவில்லை.

"வேல முடிஞ்சிது மேரி, வுடு."

கேட்கவில்லை. பெடல் அமுங்கியபடியே இருந்தது. "வுடுன்னு சொல்றேன்ல!" என்று கத்திக்கொண்டே பக்கவாட்டில் உருண்டு வெளியே வந்து எழுந்தேன்.

கூரை மடித்திருந்த வண்டி. சீட்டில் யாரும் இல்லை.

வெயில் நேராகக் கால் வைக்கிற இடம் வரை விழுந்திருந்தது, எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிரேக் பெடல் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலே வந்தது. ஸ்பிரிங் தள்ளினால் பட்டென்று வரும். இது அப்படி வரவில்லை. ஒருவன் யோசித்து யோசித்துக் காலை எடுக்கிற மாதிரி வந்தது. பாதியில் ஒரு தடவை நின்றது. பிறகு முழுதாக மேலே வந்து, கிறீச் என்றது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கேட் சத்தம் கேட்டது. மேரி கையில் ரேஷன் பையோடு உள்ளே வந்தாள்.

"எங்க போன?"

"சொல்லிட்டுத்தான போனேன், சர்க்கரை போடுறாங்க, பூட்டுறதுக்குள்ள போயிட்டு வர்றேன்னு. நீங்க டங்கு டங்குன்னு தட்டிக்கிட்டு இருந்தீங்க. இன்னும் ஆரம்பிக்கலியா?"

அவள் போய் முக்கால் மணி நேரம். வரிசையில் பக்கத்துத் தெருப் பெண்கள் எல்லாரும் கூட இருந்திருக்கிறார்கள், பிறகு விசாரித்தேன். அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை.

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நிப்பிளத் தொறந்து வச்சா ஆயில் தானா எறங்கும்பா, பெடல் ஜாம் ஆனா மெதுவாத்தான் வரும்" என்றார். எனக்கும் அது தெரியாதா? தானாக இறங்குகிற ஆயில் சொட்டும், பீய்ச்சாது. அதையும் விடுங்கள். முன்னால் டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது, கேன் பாதியாகியிருந்தது, மட்கார்டு மேல் கேன் வைத்த இடத்தில் ஈர வட்டம். ஆயில் தானாக இறங்கும், தானாக ஏறுமா என்று கேட்டேன். அதற்கு அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அன்று சாயங்காலமே மாதா படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்து மேரியிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "செத்தவரு கேட்டாரோ இல்லையோ, உசுரோட இருக்கறவ கேக்கணும். போய் அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

போனேன். அஞ்சலை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், கடிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அவருக்குத் தெரியும்ணே" என்றாள்.

"எப்படிம்மா?"

"ஊருக்குப் போறதுக்கு மொத நாளு அந்தம்மா இவரக் கூப்பிட்டு, கையப் புடிச்சிக்கிட்டு, அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொல்லிட்டுத்தான் போனாங்க. வண்டி உனக்கும் தேவாவுக்கும்னு. நீங்க பஸ்ல இன்னா சொன்னீங்கன்னும் வந்து சொன்னாரு."

பஸ்ஸில் அவன் என்னிடம் கேட்டபோதே அவனுக்குத் தெரியும்.

"அப்புறம் ஏம்மா ஆறு வருஷம் வந்தான்?"

"நானும் அதத்தான் கேட்டேன். அவனா ஒரு நாள் சொல்லுவான்டி, அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காதன்னாரு." ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "சொல்லிட்டீங்க இல்ல? போங்கண்ணே."

"வண்டிய நீங்க எடுத்துக்கங்கம்மா. புள்ளைங்களுக்கு..."

"அந்த இரும்ப என் வாசல்ல கொண்டாந்து வுடாதீங்க."

பாண்டிச்சேரிக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். வண்டி ஷெட்டிலேயே நிற்கிறது. நான் தொடுவதில்லை. தார்ப்பாய்க்கு அடியில் உப்புக்காற்று அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, கதவைத் தட்டினால் உதிர்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒன்று இருக்கிறது, அதை இதுவரை அந்த மெக்கானிக்கிடமும் சொல்லவில்லை. எல்லாரும் குணாதான் வந்து உட்கார்ந்தான் என்கிறார்கள். மேரியும் அப்படித்தான் நம்புகிறாள், அவன் பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். நானும் அப்படி நம்பிவிட்டால் மனசு ஆறிவிடும். ஆனால் குணாவின் குரல் எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் கீழே படுத்துக்கொண்டு அவனுடைய 'ம்'மைக் கேட்டவன் நான். கனத்த குரல், மூக்கால் வரும். அன்று கேட்டது அது இல்லை. எத்தனை தடவை யோசித்தாலும் மாறவில்லை, என் காதில் கேட்டது மேரியின் குரல். அவள் அடுப்படியில் இருந்துகொண்டு பதில் சொல்வாளே, அந்தக் குரல், அப்படியே. குரல் அவளுடையதாக இருந்ததால்தானே நான் அத்தனையும் வாய்விட்டுச் சொன்னேன்.

மேரியிடம் இதை நான் சொல்லவே இல்லை. ஆனால் இன்றைக்கும் வீட்டுக்குள் அவளைக் கூப்பிட்டு, உள்ளேயிருந்து 'ம்' என்று மட்டும் பதில் வந்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறேன். சொன்னது அவள்தானா என்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருகிறேன்.